பரணை ஒழிக்கும் முன்: மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பத்தாருக்கு,



நம் கிராஸ்களில் இருந்த ஓட்டு வீடுகளும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளும் ஒவ்வொன்றாகப் பில்டர் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அண்ணன் தம்பிகள் நான்கு பேர், அக்கா தங்கைகள் மூன்று பேர், பாதிப் பேர் வெளிநாட்டில். தாத்தா கட்டிய ஒரு வீட்டை ஏழாகப் பங்கு போட வேறு வழியில்லை. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கையெழுத்தாகும் நாளுக்கும் ஜேசிபி வரும் நாளுக்கும் நடுவே சில வாரங்கள் கிடைக்கும் அல்லவா, அந்த வாரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பாத்திரத்துக்கும் தேக்குக் கட்டிலுக்கும் பூஜை அறைப் படங்களுக்கும் கேட்பவர்கள் உண்டு. பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியை யாரும் கேட்பதில்லை. திறந்தால் கறையான் மண்ணும், மஞ்சள் தடவிய ஜாதகமும், நூலால் கட்டிய காகிதக் கட்டுகளும் இருக்கும். நம் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் இந்தியும் படித்தவர்கள் அவர்கள். அவர்கள் கண்ணுக்கு அந்தக் கட்டு வெறும் குப்பை. எடைக்குப் போய்விடுகிறது.

அந்தப் பெட்டியை எடைக்குப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் குடும்பங்களைப் பொறுத்தவரை இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. ஒரே ஊரில் பிறந்து அங்கேயே வாழ்ந்து இறந்தவரின் கதையைச் சர்க்கார் ஏடுகளிலிருந்தே ஓரளவு எடுத்துவிடலாம். நம் முன்னோர் அப்படி வாழ்ந்தவர்கள் அல்லர். மூன்று சர்க்கார்களின் கீழ் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய வாழ்க்கை மூன்று இடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. எந்தத் துண்டு எந்த மனிதருடையது என்று சொல்லும் காகிதம் நம் பரணில் மட்டும்தான் இருக்கிறது.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு ரயில் வந்தது. ஏறும் இடம் மதராஸ் மாகாணம், இறங்கும் இடம் மைசூர் நாடு. 1881இல் மைசூர் ஆட்சி பிரிட்டிஷாரிடமிருந்து உடையார்களிடம் திரும்பியபோது கண்டோன்மென்ட் மட்டும் ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்று பிரிந்து பிரிட்டிஷ் நிர்வாகத்தில் நின்றது. 1947 வரை அதுதான் நிலை. அல்சூரும் இன்றைய சிவாஜி நகரும் அந்தப் பக்கம், சிக்பேட்டையும் பசவனகுடியும் நம் மல்லேஸ்வரமும் மைசூர்ப் பக்கம். 1898இல் பிளேக் வந்து பேட்டையின் நெருக்கடியான தெருக்களை மக்கள் காலி செய்தபோதுதான் மல்லேஸ்வரம் விரிவாக்கம் வேகம் பிடித்தது. நம்மில் பல வீடுகளின் முதல் பத்திரம் அதற்குப் பிந்தைய பத்து இருபது வருஷங்களுக்குள் எழுதப்பட்டது.

வட ஆர்க்காட்டில் பிறந்து, அல்சூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்து, மைசூர் சர்க்கார் மராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்து, மல்லேஸ்வரத்தில் வீடு கட்டி இறந்தவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இப்படி ஒருவர் நம் வீடு ஒவ்வொன்றிலும் உண்டு. அவர் பிறந்த கிராமத்து நிலக் கணக்கு சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ அந்த மாவட்டத்துத் தாலுக்கா ஆபீஸிலோ இருக்கும். அவருடைய நியமனமும் மாற்றலும் பென்ஷனும் மைசூர் கெஜட்டில் வந்திருக்கும். கோப்புகள் கர்நாடக அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கக்கூடும். ஸ்டேஷன் சம்பந்தப்பட்டவை டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும் சிதறியிருக்கின்றன. இந்த இடங்களில் ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. எழும்பூர் ஏட்டில் இருக்கும் ராமசாமிதான் மைசூர் கெஜட்டில் வரும் ராமசாமி என்று எந்தக் குமாஸ்தாவும் எழுதி வைக்கவில்லை.

படிப்பு விஷயமும் அப்படியே. மைசூர் பல்கலைக்கழகம் 1916இல்தான் பிறந்தது. அதற்கு முன் நம் சென்ட்ரல் காலேஜ் மதராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1894இல் இங்கே பி.ஏ. முடித்த ராஜாஜியின் பட்டம் மதராஸ் பட்டம். ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தா பெங்களூரில் படித்தார் என்று வீட்டில் சொன்னால், தேட வேண்டியது மதராஸ் பல்கலைக்கழகத்தின் பழைய காலண்டர் புத்தகங்களை. பட்டதாரிகளின் பெயர்கள் கல்லூரியோடு அதில் அச்சாகியிருக்கும். இது தெரியாமல் மைசூரில் போய்த் தேடி ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

மக்கள்தொகைக் கணக்கில் பார்க்கலாமே என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் நூறு வருஷம் கழித்து வீடு வீடாகப் பெயர்களோடு திறந்துவிடுகிறார்கள். 1921 கணக்கை 2022இல் திறந்தார்கள். நம் நாட்டில் கூட்டிப் போட்ட அட்டவணைகள்தான் மிஞ்சின. பெயர் எழுதிய தாள்களைச் சேமித்து வைக்கும் வழக்கமே இல்லை. அந்தக் கதவை மறந்துவிடுங்கள்.

ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்து போன தமிழர்களை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1860 அக்டோபரில் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் புறப்பட்டு நவம்பர் 16ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அதில் 342 பேர். 1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி மதராஸிலிருந்து ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் இருந்த தழும்பு வரை கப்பல் பட்டியலில் எழுதினார்கள். மொரிஷியஸில் 1860களிலிருந்து போட்டோவும் எடுத்தார்கள். மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் படங்கள் பத்திரமாக உள்ளன. ஐந்தாம் ஆறாம் தலைமுறைப் பிள்ளைகள் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு திருவண்ணாமலைப் பக்கத்திலும் சேலத்துப் பக்கத்திலும் கிராமம் தேடி வருகிறார்கள். தமிழ் ஒரு சொல் வராது. ஊர் எல்லையில் நின்று அழுகிறார்கள்.

அந்தப் பட்டியல் அன்பால் எழுதப்பட்டதல்ல. ஒப்பந்தக் கூலி ஓடிப்போனால் பிடித்துக்கொண்டு வரத்தான் தழும்பைக் குறித்தார்கள். அதைப் பொறாமையோடு பார்க்க முடியாது. என்றாலும் அவர்கள் தேடுவதற்கு ஒரு முனை இருக்கிறது. ஜோலார்பேட்டையில் டிக்கெட் வாங்கி ஏறியவரை யாரும் எழுதவில்லை. கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக மாட்டு வண்டியில் வந்தவர்களையும் எழுதவில்லை. சுதந்திரமாக வந்ததால் சுவடு இல்லாமல் போனவர்கள் நம் ஆட்கள். அவர்களுக்குக் கப்பல் பட்டியலாக இருப்பது நம் டிரங்குப் பெட்டிதான்.

பெட்டியில் என்ன இருக்கும், அதை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஜாதகம். இதைத்தான் எல்லோரும் முதலில் ஆற்றில் விடப் பார்க்கிறார்கள். இறந்தவர் ஜாதகம் வீட்டில் இருக்கக் கூடாது என்ற நம்பிக்கையை நான் மதிக்கிறேன். விடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மதராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று சட்டம் வந்ததே 1899இல். அதற்கு முந்தையவர்களின் பிறந்த நாளைச் சொல்ல ஜாதகத்தைவிட நெருக்கமான ஆவணம் அநேகமாகக் கிடைக்காது. ஒரு சிக்கல் உண்டு. அதில் வருஷம் பெயரால் இருக்கும், அந்தப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும். ‘தாது வருஷம் ஆவணி மாதம்’ என்றிருந்தால் அது 1816ஆக இருக்கலாம், 1876ஆக இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். கட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் குருவும் சனியும் உதவ மாட்டார்கள். அறுபது வருஷத்தில் இரண்டு பேரும் ஏறத்தாழப் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ராகுவைப் பாருங்கள். அவர் ஒரு சுற்றுக்குப் பதினெட்டரை வருஷத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்வதால் அறுபது வருஷம் கழித்து இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்பார். கிழமையும் நட்சத்திரமும் எழுதியிருந்தால் அவற்றையும் சேர்த்துப் பார்த்து நாளை உறுதி செய்யலாம். பழைய பஞ்சாங்கம் தெரிந்த ஒருவர் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்.

அந்தத் தாது வருஷத்தைச் சும்மா எடுத்துச் சொல்லவில்லை. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் மைசூர் நாடு தன் ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தது. வட ஆர்க்காடும் சேலமும் அதே பஞ்சத்தில் வாடியவை. உங்கள் குடும்பத்தில் அந்த வருஷத்துக்குப் பக்கத்தில் யாராவது ஊர் மாறியிருந்தால், ஏன் மாறினார்கள் என்று ‘நல்ல வேலை கிடைத்தது’ என்பதற்கு அப்பாலும் யோசியுங்கள்.

அடுத்தது பத்திரங்கள். வீட்டை விற்கும்போது பில்டரின் வக்கீல் தாய்ப் பத்திரத்தை வாங்கிக்கொள்வார். மற்றவை வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அந்த மற்றவைதான் நமக்கு வேண்டியவை. பழைய கிரயப் பத்திரத்தின் முதல் பத்தி, விற்பவர் யார் மகன், எந்த ஜில்லா எந்தத் தாலுக்கா எந்தக் கிராமத்தார், இப்போது எங்கே குடியிருக்கிறார், என்ன தொழில், என்ன வயது என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரும். ஊரில் இருந்த நிலத்தை விற்று இங்கே மனை வாங்கினார்கள் என்றால் இரண்டு பத்திரங்களும் ஒரே பெட்டியில் இருக்கும். மதராஸ் மாகாணத்து வாழ்க்கையும் மைசூர் வாழ்க்கையும் ஒரு நூலில் கட்டப்பட்டுக் கிடப்பதை வேறு எங்கும் பார்க்க முடியாது. ஒன்று தமிழில், மா, காணி, முந்திரி என்று பழைய அளவுகளில்; மற்றொன்று கன்னடத்தில், கெஜத்திலும் அடியிலும்.

பத்திரம் தொலைந்திருந்தாலும் பதிவு எண்ணும் வருஷமும் தெரிந்தால் போதும். சப் ரிஜிஸ்திரார் ஆபீஸில் அசையாச் சொத்துப் பத்திரங்களின் நகல்கள் ஒன்றாம் புத்தகத்தில் இருக்கும். 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டப்படி கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலையும் கேட்டு வாங்கலாம். பெயர் வாரியான அட்டவணையும் உண்டு. கணினிக்கு முந்தைய காலத்தைக் கையால்தான் தேட வேண்டும், பொறுமை வேண்டும், கேட்டால் கிடைக்கும். ஊரில் இனாம் நிலமோ கோயில் மானியமோ இருந்த குடும்பங்களுக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது: 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகள். யாருக்கு முதலில் கொடுக்கப்பட்டது, இப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன உறவு என்று கிராமம் கிராமமாக எழுதியிருப்பார்கள். எழும்பூரில் கேளுங்கள்.

மொய் நோட்டை மறந்துவிடாதீர்கள். கல்யாணம் ஒன்றுக்கு ஒரு நோட்டு, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஊர். எங்கள் வீட்டில் குலதெய்வம் எந்த ஊரில் என்பதே மூன்று தலைமுறையாகத் தெரியாமல் இருந்தது. ஒரு பழைய மொய் நோட்டில் பங்காளிகள் என்று நாங்கள் கேள்விப்பட்டிருந்தவர்கள் எல்லாம் போளூர்ப் பக்கத்தில் ஒரே கிராமத்தின் பெயரில் எழுதியிருந்தார்கள். போய் விசாரித்தோம், கோயில் இருந்தது, வருஷா வருஷம் வரி போடும் பங்காளிகளும் இருந்தார்கள். எந்த ஆவணக் காப்பகத்திலும் எங்களுக்கு இது கிடைத்திருக்காது.

சர்க்கார் வேலை, ரயில்வே வேலை பார்த்தவர்களுக்கு சர்வீஸ் புத்தகம் இருக்கும். அதிலும் உயரம், அங்க அடையாளம், தகப்பன் பெயர், சொந்த ஊர். பழைய கல்யாணப் பத்திரிகைகளில் இரண்டு பக்கத்துத் தாத்தாக்களின் பெயரும் ஊரும். இன்லண்ட் லெட்டரிலும் போஸ்ட் கார்டிலும் முத்திரை. எழுதியவர் தேதி போடாவிட்டாலும் தபால் ஆபீஸ் போட்டிருக்கும். காசி, கயை போய் வந்தவர்கள் இருந்தால் எந்தப் பண்டா (தீர்த்தப் புரோகிதர்) வீட்டில் தங்கினார்கள் என்ற சீட்டு கிடைக்கிறதா பாருங்கள். கயையிலும் ஹரித்வாரிலும் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக வந்தவர் பெயரை வஹி என்னும் ஏடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஹரித்வார் வஹிகள் பலவற்றை அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கத்தார் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

நம் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளையும் விரித்துப் பாருங்கள். சேஷாத்ரிபுரத்துக்குப் பெயர் கொடுத்த திவான் கே. சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுப் பக்கத்துக் குமாரபுரத்தார். அவருக்கு முந்தைய திவான் சி.வி. ரங்காசார்லு செங்கல்பட்டுச் சீமையின் செட்டிபுண்ணியத்தார். விஸ்வேஸ்வரய்யா பிறந்தது சிக்கபள்ளாபூர்ப் பக்கம் முத்தேனஹள்ளியில். அவர் பெயரில் இருக்கும் மோக்ஷகுண்டம் ஆந்திரத்தில். முன்னோர் அங்கிருந்து வந்து பல தலைமுறை ஆன பிறகும் ஊரைப் பெயரில் சுமந்தார்கள். இப்போது பாஸ்போர்ட்டுக்காக நம் பிள்ளைகள் அந்த எழுத்தைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றட்டும், கழற்றும் முன் அது எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். முதல் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும், சர்க்கார் ஏட்டில் தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆள் என்று எண்ணிவிடுவது மிகச் சுலபம். ஊர் எழுத்தும் தகப்பன் பெயரும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும்.

பெண்களைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பாகப்பிரிவினை சமயத்தில் நம் கர்நாடகத்தில் வம்சவிருட்சம் கேட்பார்கள், தமிழ்நாட்டில் வாரிசுச் சான்று. பழைய வம்சவிருட்சங்களை எடுத்துப் பாருங்கள்: பிள்ளைகள் மட்டும் வரிசையாக நிற்பார்கள். பெண்கள் ‘மனைவி’ என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடுவார்கள். கட்டிக்கொடுத்த மகள்கள் இருக்கவே மாட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989இல் வந்தது, கர்நாடகத்தில் 1994இல், நாடு முழுவதும் 2005இல். அதற்குப் பிறகு எழுதிய காகிதங்களில்தான் அவர்கள் பெயர் தெரிகிறது. பங்கு இருந்தவர் பெயரை எழுதினார்கள், இல்லாதவர் பெயரை விட்டுவிட்டார்கள். உங்கள் கொள்ளுப்பாட்டி எந்த ஊரில் பிறந்தாள் என்று எந்தப் பத்திரமும் உங்களுக்குச் சொல்லாது.

அவளை வேறு வழியில் தேட வேண்டும். அமாவாசைத் தர்ப்பணம் செய்யும் வீடுகளில் தகப்பன் வழியில் மூன்று தலைமுறை ஆண்களோடு அவர்கள் மனைவிமார் பெயரும், தாய் வழியில் மூன்று தலைமுறையும் சொல்கிறார்கள். வாத்தியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுந்துவிடாமல் அந்தப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். தகப்பனார் காலமானதும் அவர் பெயர் வரிசையில் சேரும், மேலே இருக்கும் நான்காவது பெயர் விழுந்துவிடும். விழும் பெயரை எழுதி வைப்பது பிள்ளையின் வேலை என்று நான் நினைக்கிறேன். இந்த வழக்கம் இல்லாத வீடுகளில் வயதான பெண்களைக் கேளுங்கள். ஆண்களைக் கேட்டால் உத்தியோகம் சொல்வார்கள், பெண்களைக் கேட்டால் யார் யாருக்குக் கொடுத்தார்கள், யார் பிரசவத்தில் போனார்கள், எந்தக் குழந்தை தங்கவில்லை என்பதெல்லாம் வரும். சீர்வரிசைப் பட்டியல், நகைக்கடைச் சீட்டு, விதவைப் பென்ஷன் மனு, இவற்றில் அவள் பெயரும் கைநாட்டும் இருக்கும். அந்தக் கைநாட்டு அவளே இந்த உலகத்தில் வைத்துவிட்டுப் போன ஒரே அடையாளமாக இருக்கலாம்.

தேடும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: எல்லா ஆவணங்களுக்கும் ஒரே எடை இல்லை. அதற்கு நம் காடு மல்லேஸ்வரர் கோயிலே சாட்சி. மல்லாபுரத்து மல்லிகார்ஜுனருக்கு மேதரநிங்கனஹள்ளி என்ற கிராமத்தை ஏகோஜி கொடுத்ததாக 1669ஆம் வருஷக் கல்வெட்டு சொல்கிறது. இந்த ஏகோஜி சிவாஜியின் தம்பி, ஷாஜியின் மகன். தந்தையின் பெங்களூர் ஜாகீரில் இருந்தவர் 1670களின் நடுவில் தஞ்சாவூரைப் பிடித்து அங்கே ஒரு வம்சத்தைத் தொடங்கினார். நம் தாத்தாக்கள் தஞ்சாவூரிலிருந்து பெங்களூர் வந்தார்கள் என்றால் அவர் பெங்களூரிலிருந்து தஞ்சாவூர் போனவர். அவர் வழிவந்தவர்கள் குடும்பக் கதையை எழுதினார்களா? எழுதினார்கள், அதுவும் கல்லில். 1803இல் இரண்டாம் சரபோஜி பெரிய கோயில் சுவரில் போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றை மராத்தியில் மிக நீளமாக வெட்டி வைத்தார். இன்றும் படிக்கலாம்.

இரண்டும் கல்வெட்டு, இரண்டிலும் அதே முன்னோர். ஆனாலும் இரண்டுக்கும் ஒரே எடை இல்லை. மல்லேஸ்வரத்துக் கல், ஏகோஜி உயிரோடு இருந்தபோது நடந்த ஒரு காரியத்தைச் சொல்கிறது: இந்தக் கோயிலுக்கு இந்த ஊர். அவ்வளவுதான். தஞ்சைச் சுவர் எழுதப்பட்டபோது அதற்கு நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் கடந்துவிட்டது. எழுத வைத்தவர் தத்துப்பிள்ளை. அந்தத் தத்து செல்லாது என்று சொல்லி சிற்றப்பா முறையான அமர்சிங் அரியணையில் இருந்தார். 1798இல்தான் சரபோஜிக்குப் பட்டம் கிடைத்தது, மறு வருஷமே நாட்டின் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனது. தான் இந்த வம்சத்தவன் என்று ஊரறியச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு யாரையும்விட அதிகம் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அதனால் அந்தச் சுவர் பொய் என்று ஆகாது. அரிய ஆவணம் அது. ஆனால் ஒரு செய்தி நடந்தபோதே எழுதப்பட்டதா, பிறகு ஒரு தேவைக்காக எழுதப்பட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் அதை ஏற்க வேண்டும்.

நம் வீட்டுக் கதைகளுக்கும் அதே கேள்வி. ‘கொள்ளுத்தாத்தா திவானுக்கு வலது கை’ என்பது எல்லா வீட்டிலும் உண்டு. கெஜட்டைப் பார்த்தால் அமல்தார் கச்சேரியில் மூன்றாவது குமாஸ்தாவாக இருந்திருப்பார். அது ஒன்றும் குறைந்த விஷயமில்லை. பதினேழு வயதில் அறியாத மொழி பேசும் ஊருக்கு வந்து, கன்னடம் கற்று, தேர்வு எழுதி, தங்கைகள் மூன்று பேரைக் கரையேற்றிய குமாஸ்தாவின் வாழ்க்கை எந்தத் திவானின் வாழ்க்கைக்கும் இளைத்ததல்ல. பெட்டியில் கடன் பத்திரம் இருக்கும், கோர்ட் சம்மன் இருக்கும், இரண்டாம் தாரத்தின் காகிதம் இருக்கும், யாரும் பேசாத ஒரு பெயர் இருக்கும். வெட்கப்பட்டு அவற்றைக் கிழித்துவிடாதீர்கள். அவர் மனிதர் என்று சொல்வது அந்தக் காகிதங்கள்தான்.

ராஜா மில் குடும்பங்களுக்கும் ஸ்ரீராமபுரத்தாருக்கும் தனியாக ஒரு வார்த்தை. இன்று மந்திரி மால் நிற்கும் இடத்தில் உங்கள் பாட்டன்மார் நூல் நூற்றார்கள். பரணும் டிரங்குப் பெட்டியும் எல்லா வீட்டிலும் இருந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். ஒற்றை அறை வீட்டில் மழைக்கு ஒழுகாத இடமே கிடைக்காது. மில் டோக்கன், பி.எப். சீட்டு, சங்கத்துச் சந்தா ரசீது, ரேஷன் கார்டு, பள்ளிக்கூட டி.சி., ஞானஸ்நானச் சீட்டு, எது இருந்தாலும் அது ஆவணம்தான். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சிவாஜி நகர் செயின்ட் மேரீஸ் போன்ற பழைய கோயில்களின் பதிவேடுகள் பெரிய உதவி. பட்டாளத்தில் இருந்து முதல் உலகப் போரில் மாண்டவர்கள் இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலைப் பாருங்கள். தகப்பன் பெயரும் கிராமமும் தாலுக்காவும் சேர்த்துக் கொடுத்திருக்கும் பதிவுகள் அதில் நிறைய. காகிதமே இல்லை என்றால் பாட்டியைப் பேச வைத்து போனில் பதிவு செய்யுங்கள். ஊர்ப் பெயர், அம்மன் பெயர், எந்தத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனார்கள், எந்த ஸ்டேஷனில் இறங்கினார்கள், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடந்தார்கள். இறங்கிய ஸ்டேஷனும் நடந்த தூரமும் தெரிந்தால் வரைபடத்தில் ஐந்தாறு கிராமங்களுக்குள் வந்துவிடலாம்.

பாதுகாக்கும் விஷயம் சுருக்கமாக. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வெப்பம் காகிதத்தைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. செலோடேப் ஒட்டாதீர்கள், ஸ்டேப்ளர் பின், குண்டூசி எல்லாம் எடுத்துவிடுங்கள். கட்டைப் பிரிக்கும் முன், எது எதோடு கட்டியிருந்தது என்று அப்படியே ஒரு படம் எடுங்கள். சேர்த்துக் கட்டியவருக்கு ஒரு காரணம் இருந்தது. போட்டோவின் பின்புறம் பென்சிலால் பெயர் எழுதுங்கள். போனில் எடுத்த படங்களை அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். மூலத்தை வைத்துக்கொள்ள யாருக்கும் இடமில்லை என்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இங்கே நிருபதுங்கா சாலையில் மிதிக் சொசைட்டி போன்ற இடங்களைக் கேட்டுப் பாருங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தில் தமிழ்க் கிராமங்களில் தனியார் வீடுகளில் கிடந்த ஓலைகளையும் காகிதங்களையும் படம் பிடித்து, மூலத்தை அந்தந்த வீட்டாரிடமே விட்டு வந்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் கடன் சீட்டு ஆராய்ச்சியாளருக்கு வேண்டியதாகிறது என்றால், அந்தக் குடும்பத்துக்கே வேண்டாததாக எப்படி ஆகும்?

கடைசியாக, அவசரம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் காகிதங்களைப் படிக்கக்கூடியவர்கள் நம்மிடையே இப்போது எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் லை, னை, றா, ணா, புள்ளி வைக்காத பழைய கையெழுத்து, தமிழ் எண்கள், சில வீடுகளில் கிரந்தம், சில வீடுகளில் தெலுங்கு. காகிதம் இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும். படிக்கத் தெரிந்தவர்கள் தாங்க மாட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை இறக்குங்கள். அஜ்ஜியையும் தாத்தாவையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு காகிதமாக உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளில் ஒருவர் இங்கிலீஷிலோ கன்னடத்திலோ எழுதிக்கொள்ளட்டும். எந்த மொழியில் எழுதினாலும் சரி.

வீட்டில் படிக்க யாருமில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். பழைய தமிழ்க் கையெழுத்து எனக்கு வரும், தமிழ்க் கணக்கும் வரும். சாயங்காலங்களில் வருகிறேன். கிரந்தம் என்றால் அது தெரிந்த ஒரு மாமாவையும் அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
மல்லேஸ்வரத்திலிருந்து உங்கள் அண்டை வீட்டுக்காரி